ஈரத்துணி வைத்தியம்

பழைய கையடக்க வீடியோ கேம் மெஷினில் பாட்டு கேட்பது ஒரு தவமாம். நேற்று யூடியூபில் ஒருவன் கண்கலங்கிச் சொன்னான். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்தத் தவத்தை ஏரியூரில் என் பெரியப்பா மகன் செய்து நான் பார்த்திருக்கிறேன்.

அண்ணன் அப்போது இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். விடுமுறைக்கு அந்த மெஷினோடு வந்தார். அவருக்கு கேம் ஆட வராது, அதனால் அதில் பாட்டும் படமும்தான் ஓடும். உள்ளங்கை அகலத் திரைக்கு ஏழு பேர் முட்டிக்கொள்வோம். பத்து வயதான எனக்கு ஆசையெல்லாம் கேம் மேல்தான்.

"ஒரு வாரம் மாட்டுக்குத் தண்ணி காட்டுடா, ஞாயித்துக்கெழம ஒரு ஆட்டம் தரேன்," என்றார். ஆறு நாள் காட்டினேன்.

சனிக்கிழமை, படம் ஓடி ஓடி மெஷின் சுட்டது.

"காய்ச்ச வந்தாப்புல கொதிக்குதேடா!" என்றார் பெரியம்மா.

வருங்கால இன்ஜினியர் யோசித்தார். அதற்கு ஈரத்துணி சுற்றி, தண்ணீர்ப் பானை மூடிமேல் படுக்க வைத்தார். அரைமணி நேரத்தில் அது செத்துப்போனது.

பெரியப்பா வந்ததும் அண்ணன் என்னைக் கைகாட்டினார். "இவந்தாங்கப்பா, ஆடறேன்னு எடுத்து ஒடச்சுட்டான்."

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குப் பதில் முதுகில் நாலு அறை கிடைத்தது. எல்லாம் பார்த்திருந்த பெரியம்மா அந்த ஈரத்துணியை எடுத்துக் கொடியில் காயப்போட்டார்.

நேற்றைய வீடியோவை அண்ணனுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "நல்ல மெஷின்டா. நீ ஒடைக்காம இருந்திருந்தா இன்னிக்கும் ஓடும்."

இரண்டு முறை படித்தேன். கிண்டலே இல்லை. மனிதர் அதை மனதார நம்புகிறார்.