தாழ்ப்பாள் போட்ட கதவு

முடக்குவாதம் வந்தபின், விடிந்து ஒரு மணி நேரம் என் விரல்கள் மடங்காது. கதவின் தாழ்ப்பாளைக்கூட நீக்க முடியாது. வண்டன்மேட்டில் ஏலக்காய் பறிக்கும் எனக்கு இதை வெளியே சொல்லப் பயம். தெரிந்தால் வேலை போய்விடும்.

பக்கத்து வீட்டு ரோஸ்லின் தினமும் வேலைக்குப் போகும்போது கூப்பிடுவாள். "நீ போ, பின்னால வாரேன்" என்று உள்ளேயிருந்தே சொல்லிவிடுவேன்.

ஒருநாள் அவள் நகரவில்லை. "எம்மேல எதும் கோவமாக்கா? கதவத் தொறந்து ஒரு வார்த்த சொல்லுங்க" என்றாள். உள்ளங்கையால் தாழ்ப்பாளைத் தள்ளிப் பார்த்தேன்; நகரவில்லை. அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள். என்னை வீம்புக்காரி என்று நினைத்திருப்பாள்.

அதன்பின் அவள் கூப்பிடுவதில்லை. நான் இப்போது இரவில் தாழ்ப்பாள் போடுவதில்லை; தள்ளினால் திறந்துகொள்ளும். காலையில் அவள் செருப்புச் சத்தம் என் வாசலைத் தாண்டிப் போவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.