வராத மஞ்சள் காமாலை

மதுரையில் சட்டம் படித்து, வக்கீலாகப் பதிவு செய்துகொண்டு, சொந்த ஊரான கொடைக்கானலிலேயே தொழில் தொடங்கிய இரண்டாம் வருடம் நடந்தது இது. கூடப் படித்தவர்கள் சென்னைக்குப் போய்விட்டார்கள். பள்ளி விடுதியொன்றில் சமையல் வேலை பார்த்த அம்மாவைத் தனியே விட எனக்கு மனம் வரவில்லை. உள்ளூர் சீனியர் ஒருவரிடம் ஜூனியராகச் சேர்ந்தேன். வாய்தா வாங்குவதும் வழக்குக் கட்டுகளைச் சுமப்பதுமாக ஒன்றரை வருடம் போன பிறகு, ஒரு வழக்கை முழுவதுமாக என் பொறுப்பில் கொடுத்தார்.

கட்சிக்காரர் மலைக்கிராமமான கிளாவரையைச் சேர்ந்த ஒரு பெண். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர் என்பதால் அக்கா என்றே கூப்பிடுவேன். கணவர் இறந்த பிறகு, அவர் விட்டுப்போன ஒன்றரை ஏக்கரில் பூண்டும் பீன்ஸும் போட்டு இரண்டு பெண்பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தார். அந்த நிலம் தனக்குத்தான் சொந்தம் என்று கொழுந்தன் வழக்குப் போட்டிருந்தார்.

அக்கா ஒரு வாய்தாவும் தவறியதில்லை. வரத் தேவையில்லை என்று சொன்னாலும் வந்துவிடுவார். "வெள்ளனே மொத பஸ்ஸுல ஏறிட்டா வந்துரலாம்ங்க. இங்க உக்காந்திருந்தாத்தான் எனக்கு மனசு நெலையா இருக்கு" என்பார்.

ஒருநாள் இன்னொரு வழக்கில் நான் வாதாடியதை நீதிபதி பாராட்டினார். அந்த மிதப்பில், அக்காவின் வழக்குக்குக் கொடுத்த அடுத்த தேதியை அங்கேயே குறிக்காமல் விட்டுவிட்டேன். டீக்கடையில் உட்கார்ந்து, நினைவிலிருந்து டைரியில் எழுதினேன். ஒரு வாரம் தள்ளி எழுதிவிட்டேன். அக்காவுக்கும் அதே தேதியைச் சொன்னேன். அப்போதே கைப்பேசியில் வழக்குத் தேதியைச் சரிபார்த்துவிடலாம். அதைக்கூட நான் செய்யவில்லை.

நான் சொன்ன தேதியில் அக்கா வந்துவிட்டார். அன்றைய பட்டியலில் வழக்கு இல்லை. பெஞ்ச் கிளார்க்கிடம் போய்க் கேட்டேன்.

"போன வாரமே மூணு தடவ கூப்பிட்டாச்சுங்க. ஒங்க பக்கம் யாரும் வரல. எக்ஸ்பார்ட்டியாகித் தீர்ப்பும் ஆயிருச்சு" என்றார்.

எங்கள் தரப்பைக் கேட்காமலேயே நிலம் கொழுந்தனுடையது என்று ஆகிவிட்டது. வெளியே வந்தேன். அக்கா என் முகத்தையே பார்த்தார்.

"கோர்ட்டுல தேதிய மாத்திட்டாங்கக்கா. சரி பண்ணிரலாம்" என்றேன்.

அந்தப் பொய் எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது என்று நினைத்தால் இன்றும் கூசுகிறது.

நடந்ததைச் சொன்னபோது சீனியர் பெரிதாகத் திட்டவில்லை. "முப்பது நாளைக்குள்ள மனு போட்டா தீர்ப்ப ரத்து பண்ணச் சொல்லிக் கேக்கலாம்மா. அந்தம்மா மஞ்சக்காமாலைல படுத்த படுக்கையா இருந்துச்சுன்னு போடு. எல்லாரும் போடுறதுதான்" என்றார்.

உண்மைதான். வாய்தாவுக்கு வராதவர்களுக்கெல்லாம் மனுக்களில் வருவது காமாலைதான். அப்படியே பிரமாணப் பத்திரம் தயார் செய்தேன். பத்து நாள் கழித்து அக்காவை வரச்சொல்லிப் படித்துக் காட்டினேன். அவர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார்.

"எனக்குக் காமாலையே வரலையேங்க."

"இது ஒரு வழக்கம்க்கா. யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க."

"அன்னைக்கு நான் காட்டுல களை எடுத்துக்கிட்டு இருந்தேன். ஊரே பாத்துச்சு. கொழுந்தன் பொய் சொல்றாருன்னுதான கோர்ட்டு வாசல் ஏறுனேன்? இப்ப நானும் பொய்ச் சத்தியம் பண்ணவா?" சற்று நிறுத்தி, "தேதிய மாத்திட்டாங்கன்னு சொன்னீங்கள்ல, அதையே எழுதுங்க" என்றார்.

என் பொய்யை அவர் அப்படியே நம்பியிருந்தார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. டைரியைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

"கோர்ட்டுல மாத்தலக்கா. நான்தான் தப்பா எழுதிட்டேன். ஒங்ககிட்டயும் பொய் சொல்லிட்டேன்."

அந்தப் பக்கத்திலிருந்த தேதியை விரல் வைத்துப் படித்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"தீர்ப்பக் காட்டி நேத்து கொழுந்தன் வேலி போட்டுட்டாருங்க. பூண்டு ஊண்ட உழுது போட்ட நெலம் அப்பிடியே கெடக்கு" என்றார். பிறகு, "நடந்ததையே எழுதுங்க. கையெழுத்துப் போடுறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அவருடைய பிரமாணப் பத்திரத்தை மாற்றி எழுதினேன். தவறு முழுவதும் என்னுடையது என்று என் பெயரிலும் ஒன்று எழுதினேன். சீனியர் தடுத்தார். "ஒம் பேர நீயே கெடுத்துக்காத. நாளைக்கு யாரு ஒன்ன நம்பிக் கேஸ் குடுப்பா?" என்றார். அந்தப் பயம் எனக்கும் இருந்தது.

விசாரணையன்று எதிர்த்தரப்பு வக்கீல் என் பத்திரத்தைச் சத்தமாகப் படித்தார். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். நீதிபதி என்னைப் பார்த்து, "இது உண்மைதானா?" என்று கேட்டார். "உண்மைதான் ஐயா. அவங்க ஒரு வாய்தாகூடத் தவறினதில்ல" என்றேன். அக்கா வழக்கமான இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

வக்கீலின் தவறுக்குக் கட்சிக்காரரைத் தண்டிக்கக் கூடாது என்று சொல்லி நீதிபதி மனுவை ஏற்று, பழைய தீர்ப்பை ரத்து செய்தார். ஆனால் அதற்குள் இரண்டு மாதத்துக்குமேல் ஓடிவிட்டது. பூண்டு ஊன்றும் பருவம் போய்விட்டது. அந்தப் போகம் முழுவதும் அக்கா அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனார். அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. ஒருமுறை அவருடன் வந்திருந்த பெரிய மகள்தான் பேச்சுவாக்கில் சொன்னாள்.

ஒன்றரை வருடம் கழித்து வழக்கு அக்காவுக்குச் சாதகமாக முடிந்தது. தீர்ப்பைச் சொன்னதும் கண்ணை ஒருமுறை துடைத்துக்கொண்டு, "இனி வாய்தா எதும் இருக்குங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப வெரசா போனா பஸ்ஸப் பிடிச்சிரலாம். காட்டுல சோலி கெடக்கு" என்று கிளம்பிவிட்டார்.

இன்று தனி அலுவலகம் வைத்திருக்கிறேன். சீனியர் பயந்ததுபோல யாரும் வழக்குக் கொடுக்காமல் இல்லை. அக்காவின் நிலத்தை மீட்டுக் கொடுத்தேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் முடியும். ஆனால் என்னால் போன அந்த ஒரு போகத்தை எந்த மனு போட்டும் மீட்க முடியாது. அக்கா என்னை மன்னித்துவிட்டாரா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. அதைக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை என்றே நினைக்கிறேன்.