லீன் என்றால் ஒல்லி

மார்கழிக் காலையில் முதுகை ஒட்டவைத்தால் ஆறிவரும் சோற்றுப் பானைபோல இதமாகச் சுடும் சுவர் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. எங்கள் வீட்டில் என்று சொல்வது பெருமைக்கு. உண்மையில் அது பிள்ளையார்பாளையத்தில் ஏகாம்பரம் என்பவர் வைத்திருந்த சாயப்பட்டறையின் சுவர். அந்தப் பக்கம் பட்டு நூலுக்குச் சாயம் காய்ச்சும் அடுப்புகள் எரியும். இந்தப் பக்கம், அதே சுவரோடு ஓலைக்கூரையின் ஒரு விளிம்பைச் சேர்த்துவிட்டு, மற்ற மூன்று பக்கமும் தட்டி கட்டி, அப்பா, அம்மா, நான் என மூன்று பேர் குடியிருந்தோம். மற்றவர்கள் வீடு கட்டுவார்கள். நாங்கள் 'சாய்ப்பு' இறக்கியிருந்தோம்.

அப்பா அந்தப் பட்டறைக்கு விறகு பிளந்து போடுகிறவர். முசரவாக்கத்தில் ஒரு சாண் நிலமில்லாத குடும்பத்திலிருந்து பிழைக்க வந்தவருக்கு, "சொவத்துல சாஞ்சிக்கினு இருந்துக்கோடா" என்று ஏகாம்பரம் என்றைக்கோ வாயால் சொன்னதுதான் பட்டா, பத்திரம் எல்லாம்.

ஆகவே, சாய்தல் என்ற சொல்லுக்கு உள்ளேயே நான் வளர்ந்தேன் என்று தாராளமாகச் சொல்லலாம். பொழுது சாயும். விறகு பிளந்த அலுப்பில் அப்பா "கொஞ்சம் சாஞ்சிக்கிறேன்" என்பார். ஏகாம்பரத்தின் மனசு இன்றைக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று அம்மா கவனித்துக்கொண்டே இருப்பாள். தெருவில் யாராவது சவடால் அடித்தால் "உன் ஜம்பம் இங்க சாயாது" என்பாள். சாயம் என்பதே சாய்வதிலிருந்து வந்த சொல் என்றும் வெகுநாள் நம்பியிருந்தேன். சுவரில் சாய்ந்து எழுந்தால் சட்டை முதுகில் ஊதா ஒட்டிக்கொண்டு வருமே, வேறென்ன ஆதாரம் வேண்டும்?

இத்தனை சாய்வுகளையும் ஆங்கிலக்காரன் ஒரே சிறிய சொல்லில் அடைத்து வைத்திருந்தான். அது எனக்குத் தெரிந்தே இருந்தது, வேறு பொருளில். எட்டாம் வகுப்பில் ஆங்கில டீச்சர் 'லீன்' என்று பலகையில் எழுதிவிட்டு, உதாரணம் தேடி வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்து, என்னை எழுந்து நிற்கச் சொன்னார். "லீன்னா இவன மாதிரி. ஒல்லி." வகுப்பே சிரித்தது. ஒரு சொல்லுக்குப் பொருளாகவே நின்றவன் அதை எப்படி மறப்பான்?

அந்த வருஷம் கார்த்திகையில் ஏகாம்பரத்தின் மருமகன் பட்டறையை இடித்து மாடிவீடு கட்டத் திட்டம் போட்டார். நேரில் சொல்ல ஏகாம்பரத்துக்குக் கூச்சமாக இருந்ததால், வக்கீல் மூலமாக எங்களுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. ஆங்கிலத்தில். எங்கள் குடும்பத்தில் ஆங்கிலம் படித்த ஒரே அறிஞன் என்ற முறையில் அது என் கைக்கு வந்தது.

நீளமான வார்த்தைகளையெல்லாம் பந்தியில் கறிவேப்பிலையை ஒதுக்குவதுபோல ஒதுக்கினேன். மிஞ்சியது, தெற்குச் சுவர், பதினைந்து நாள், எடுத்துவிட வேண்டும், 'லீன்-டு'. லீன் என்றால் ஒல்லி. டு என்றால் இரண்டு. இரண்டுக்கு ஓர் எழுத்து குறைந்தது. டைப் அடித்தவர் விட்டுவிட்டார் என்று அவரை மனதார மன்னித்தேன்.

"தெக்கு சொவத்துல ஒல்லியா ரெண்டு இருக்குதாம்பா. பதினஞ்சு நாள்ல எடுத்துடணுமாம்."

கூரையைச் சுவரோரமாகத் தாங்கி நின்றவை இரண்டு சவுக்குக் கழிகள். நிஜமாகவே ஒல்லி. கழி முறிந்து கூரை சரிந்தால் சுவருக்குச் சேதம், அதைத்தான் சொல்கிறார்கள் என்று அப்பா முடிவுகட்டினார்.

அம்மாவுக்கு மட்டும் ஒப்பவில்லை. "ரெண்டு கழிய எடுக்கறதுக்கா வக்கீல் காயிதம்? போய் ஏகாம்பரம் அண்ணன ஒரு வார்த்த கேட்டுக்கினு வாயேன்யா."

"எட்டாவது படிக்கிற புள்ள படிச்சி சொல்றான், நீ இன்னா குறுக்க பேசற?"

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நல்லாப் பாத்துதான் சொல்றியாடா?"

"லீன்னா ஒல்லிம்மா. டீச்சரே சொன்னாங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா முசரவாக்கம் போய், தொடை கனத்தில் இரண்டு பனங்கட்டைகளை மாட்டு வண்டியில் ஏற்றிவந்தார். முழங்கால் ஆழம் குழி தோண்டி நட்டு, சவுக்குக் கழிகளைப் பிடுங்கிப் போட்டார். பட்டறை வாசலில் நின்று ஏகாம்பரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா வியர்வையைத் துடைத்தபடி சிரித்தார். "ஒல்லியா இருந்தத எடுத்துட்டேண்ணா! இனிமே யான வந்து முட்டுனாலும் அசையாது!"

ஏகாம்பரம் பதில் பேசாமல் உள்ளே போனார். சந்தோஷத்தில் வாயடைத்துப் போனார் என்று நாங்கள் நினைத்தோம்.

பதினாறாம் நாள் காலையில் நான்கு பேர் கடப்பாறையோடு வந்தார்கள். பின்னால் ஏகாம்பரம்.

"காலி பண்ணுன்னு நோட்டீஸ் குடுத்தா தூணு நட்டு காட்றியா எனக்கு? ஒரு வார்த்த வந்து கேட்டிருந்தா தை முடியட்டும்னு நானே தள்ளி விட்டிருப்பேனேடா! தெனம் எதிருல நின்னு வெறகு பொளக்கற, வாயத் தொறந்தியா?"

"ஒல்லியா இருந்ததத்தான் எடுத்துட்டேனேண்ணா…"

"நக்கலு வேற!"

'காலி' என்ற சொல் காதில் விழுந்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அப்போதே வாயைத் திறந்து "நான்தான் தப்பாப் படிச்சிட்டேன்" என்று சொல்லியிருந்தால், ஏகாம்பரத்தின் கோபம் சிரிப்பாகி, தை வரைக்கும் அந்தச் சுவர் எங்களுக்கு மிஞ்சியிருக்கக்கூடும். விறகு வேலையும் மிஞ்சியிருக்கும். நான் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன். அதற்கு என் உடம்பு வசதியாக இருந்தது.

முசரவாக்கத்தில் மாமாவின் மாட்டுக் கொட்டகையில் பாதியில் குடியேறினோம். அந்த மார்கழியின் குளிரை எழுத எனக்குத் தமிழும் போதாது. அப்பாவுக்கு மறுபடி நிலையான வேலை அமையவே இல்லை. யார் கேட்டாலும் ஒரே பதில்தான். "எம்புள்ள சரியாத்தான் படிச்சான்பா. இங்கிலீஷ்ல ஒன்னு எழுதிட்டு, செய்யும்போது வேற ஒன்னு செஞ்சிட்டானுங்க." சாகும்வரை அவர் அதை மாற்றிச் சொல்லவில்லை. நானும் திருத்தவில்லை.

முதல் சம்பளத்தில் பெரிய அகராதி ஒன்று வாங்கினேன். லீன்: சாய், சரி, ஒருக்களி, ஆதரவாகப் பற்று, பிறரை நம்பியிரு, ஒல்லியான. அதற்கு அடுத்த பதிவே 'லீன்-டு'. சாய்ப்பு என்று ஒரே சொல்லில் பொருள் போட்டிருந்தார்கள். நாங்கள் பத்து வருஷம் குடியிருந்த சொல்.

இன்று அங்கே பட்டறை இல்லை, அடுப்பு இல்லை, சுவர் இல்லை. ஏகாம்பரமும் இல்லை. மூன்று மாடி வீட்டின் பளிங்குக் கல் பதித்த சுவரில் கைவைத்துப் பார்த்தேன், சில்லென்றிருந்தது. காவல்காரர் "யார் வேணும் சார்?" என்றார். யார் பெயரைச் சொல்வது என்று தெரியவில்லை.

அம்மா என்னோடுதான் இருக்கிறாள். போன வாரம் கண் ஆஸ்பத்திரியிலிருந்து அவளுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு, கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக இறங்கி, கீழ்வீட்டுக் கல்லூரிப் பெண்ணிடம் போனாள். அந்தப் பெண்ணின் குரல் மேலே கேட்டது. "உங்க பையன் அவ்ளோ படிச்சவராச்சே ஆயா, அவரையே கேக்கலாமே?"

"அவனுக்கு வேல இருக்கும்மா. நீ நிதானமா படி."

நான் மாடி வாசலில் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். அம்மா என்னைத் தாண்டித்தான் இறங்கிப் போயிருந்தாள்.