நாப்பது வீதம் ஸ்னோ

இண்டைக்கு லண்டன் ஆர்ச்வே ஸ்டேஷனடியில சபாரத்தினம் அண்ணையைச் சந்திச்சன். கதைச்சுப்போட்டு நேரா வீட்டை வந்து, சப்பாத்துக்கூடக் கழட்டாமல் இதை டைப் பண்ணுறன்.

அண்ணைக்குக் கவுன்சிலில வேலை. ஸ்னோ வரமுதல், ரோட்டு வழுக்காமல் இருக்க உப்புப் போட லொறி அனுப்புறதோ இல்லையோ எண்டு முடிவெடுக்கிற ஆள். பதினாலு வின்டரா ஒவ்வொரு மத்தியானமும் வெதர் ரிப்போர்ட்டைப் பாத்து அவர்தான் சொல்லவேணும். ஆளைப் பாத்தாலே அந்தக் களைப்புத் தெரியும்.

எங்கட சனமும் விடாது. கலியாணம் எண்டாலும் அவருக்குத்தான் போன். போன மாசம் ஈஸ்டருக்கு, அவற்ற மனுசியின்ர தங்கச்சி அருமைநாயகி அன்ரி வீட்டில, மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீடு. அண்ணை சொன்னது ஸ்னோ வர நூற்றுக்கு நாப்பது வீதம்தான் சான்ஸ் எண்டு. அது செவன் கிங்ஸில இருந்து ஸ்ட்ரெதம் போய்ச்சேர முதலே "ஸ்னோ கொட்டப்போகுதாம், சபாரத்தினமே சொல்லிப்போட்டார்" எண்டு ஆகீட்டுது. முந்நூறு பேருக்குச் சாப்பாடு, வந்தது எண்பது பேர். விழுந்த ஸ்னோ ரோட்டில நிக்கவே இல்லை. அண்டையோட அன்ரி அவரோட கதையில்லை.

இப்ப போன சனிக்கிழமை, ஏப்ரல் அஞ்சு. வின்டர் கொன்ட்ராக்ட் முடிஞ்சு லொறியெல்லாம் கழுவி விட்டாச்சு. ரிப்போர்ட்டில ஞாயிறு விடியப் பெரிய ஸ்னோ. ஏப்ரல் ரோட்டுச் சூட்டுக்கு அது கரைஞ்சாலும் கரையும். ஆனா ஞாயிறு விடியத்தான் அன்ரியின்ர புருசன் சண்முகராசா அங்கிள் வயசுபோன ஆக்கள் பத்துப்பேரை வானில ஏத்திக்கொண்டு ஹைகேற் ஏத்தத்தால முருகன் கோயிலுக்குப் போறவர். அண்ணை ரோசத்தை விட்டுப்போட்டு அன்ரிக்குப் போன் எடுத்தார்.

"நாளைக்கு வானை எடுக்க விடாத, பிள்ளை."

"அத்தான், போனமுறை நீங்கள் சொன்ன ஸ்னோவில மிஞ்சின ரோல்ஸ் இன்னும் என்ர ப்ரீசருக்க கிடக்கு."

போனை வச்சிட்டா.

லொறிக்கு அனுமதி கேக்க அடிச்சா, அண்ணையின்ர மனேச்சர் போன் எடுக்கேல்லை. அண்ணை தன்ர பேரில கையெழுத்து வச்சு ஒரு லொறி கேட்டார், அந்த ஏத்தத்துக்கு மட்டும். ஸ்னோவுக்கு முதல் மழை பெய்தா உப்புக் கழுவுப்பட்டுப் போகுமாம், அதால விடிய அஞ்சு மணிக்குத்தான் போடச் சொன்னவர்.

ஞாயிறு என்ன நடந்ததெண்டு நீங்களே பாத்தியள்தானே, ஊரே வெள்ளை. பக்கத்து ரோட்டில ரண்டு கார் வழுக்கிக் குறுக்கால நிண்டது. அங்கிளின்ர வான் சுகமா ஏறிப் போச்சுது.

திங்கள் மனேச்சர், ஆரைக் கேட்டு லொறி அனுப்பினனீர் எண்டு லெட்டர் குடுத்திட்டார். அன்ரியோ எல்லாருக்கும் சொல்லுறாவாம், அத்தான் சும்மா வெருட்டினவர், வான் ஒரு சொட்டும் வழுக்கேல்லை எண்டு.

உப்புப் போட்டதை ஏன் அவவுக்குச் சொல்லேல்லை எண்டு கேட்டன்.

"வான் ஏறினதே போதும். இனி ஆரோடயும் வாதாட எனக்கு ஏலாது."

எனக்குக் கண் கலங்கீட்டுது. இதை எழுதட்டோ எண்டு கேக்க, எழுதும், ஆர் வாசிக்கப்போயினம் எண்டார். அருமைநாயகி அன்ரியை உங்களில ஆருக்காவது தெரியுமெண்டா, ப்ளீஸ், இதை இண்டைக்கே அவவுக்கு அனுப்பிவிடுங்கோ.