தூக்கினால் பிடிக்காது

கல்யாணமாகிக் கொடைக்கானலுக்கு வந்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. டாக்சி ஓட்டும் என் கணவருக்கு அது இரண்டாவது கல்யாணம். முதல் மனைவி நோயில் இறந்துவிட்டிருந்தார். வீட்டில் பத்து வயது மகளும் ஒரு குள்ள முயலும் இருந்தார்கள். அம்மா போனபிறகு மகள் பேச்சைக் குறைத்துக்கொண்டதால், அவர் திண்டுக்கல்லில் ஒரு கடையில் அந்த முயலை வாங்கி வந்திருந்தார்.

முயல் எனக்குப் புதிதில்லை. மன்னவனூரில் என் பெரியம்மா வீட்டு வெள்ளை முயல்கள், அள்ளியெடுத்தால் மடியில் தலையணை மாதிரிக் கிடக்கும். இது வேறு சாதி. வளர்ந்து முடிந்தும் ஒரு முட்டைக்கோஸ் அளவுதான். காது என் கட்டைவிரல் நீளம். வந்த மறுநாள் ஆசையாகக் கூண்டுக்குள் கைவிட்டேன். உறுமிக்கொண்டு பாய்ந்து, இரண்டு முன்னங்காலாலும் என் கையைக் குத்தியது. முயல் உறுமும் என்பதே அன்றுதான் தெரிந்தது.

மகள் கதவோரம் நின்று பார்த்தாள். கூண்டு அதனுடைய வீடு, கேட்காமல் கைவிட்டால் கோபப்படும் என்றாள். அதுவரை என்னிடம் அவள் பேசியதில் அதுதான் நீளமான பேச்சு. என்னை முறை சொல்லிக் கூப்பிட மாட்டாள். தலை பின்னிவிடவா என்றால் தானே பின்னிக்கொள்வதாகச் சொல்லிவிடுவாள். அவர் கண்டிக்கப் போனார். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன்.

பிறகு ஒருநாள், முயல் என்னிடம் வர என்ன செய்யவேண்டும் என்று அவளிடமே கேட்டேன்.

"தூக்காதீங்க. பருந்து தூக்கிட்டுப் போறதா நெனச்சுக்கும். தரையில உக்காந்து உங்க சோலியப் பாருங்க. அதுவா வரும்."

தினமும் சாயங்காலம் தரையில் உட்கார்ந்து பூண்டு உரிக்க ஆரம்பித்தேன். எதிர்ச் சுவரோரம் அவள் வீட்டுப்பாடம் எழுதுவாள். முயல் முதலில் தூரத்தில் சுற்றியது. பிறகு சேலைக் கரையைப் பல்லால் இழுத்துப் பார்த்தது. ஒருநாள் வந்து என் முழங்காலில் தாடையைத் தேய்த்தது. "அது வாசனையத் தேய்க்குது. இனிமே நீங்க அதுக்குச் சொந்தம்," என்றாள், நோட்டிலிருந்து நிமிராமலே.

அதன் குணங்கள் ஒவ்வொன்றாகப் பிடிபட்டன. சந்தோஷம் வந்தால் எம்பிக் குதித்து அந்தரத்திலேயே உடம்பை முறுக்கும். வெளியே காட்டுமாடு நடந்தால் பின்னங்காலால் தரையில் ஓங்கி அடிக்கும். நெற்றியைத் தடவினால் பல்லை மெல்ல நெறுநெறுக்கும். நிம்மதியாக இருந்தால் திடீரென்று பக்கவாட்டில் தொப்பென்று விழும். முதல்முறை பார்த்தபோது செத்துவிட்டது என்று பதறி எழுந்தேன். அந்தப் பிள்ளை சிரிப்பதை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

ஐப்பசி மழையில் ஒருநாள் காலை முயல் மல்லித்தழையைத் தொடவில்லை. மூலையில் குறுகி உட்கார்ந்திருந்தது. கூண்டில் ஒரு புழுக்கைகூட இல்லை. அவர் சவாரியாக மதுரை போயிருந்தார். அவளைப் பள்ளிக்கூடம் போகவேண்டாம் என்று சொல்லி, முயலைக் கூடையில் துண்டு சுற்றி வைத்து, பக்கத்து வீட்டு ஜீப்பில் மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் அம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தார். உதிர்ந்த முடியை நக்கி விழுங்கி வயிறு வேலை செய்யாமல் நின்றிருப்பதாகச் சொன்னார். இந்தச் சின்ன உடம்பு பட்டினி தாங்காது என்று ஊசி போட்டு, கீரையை அரைத்து ஊசிக்குழாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து நான் மடியில் பிடித்துக்கொண்டேன். உதைக்கக்கூட அதற்குத் தெம்பில்லை. அவள் ஊட்டினாள். பாதியில் சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள்.

"இதுவும் போயிருமா?" என்று கேட்டாள்.

போகாது என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. "நம்மால முடிஞ்சதெல்லாம் பாப்போம்," என்றேன். அவளை இழுத்து அணைத்துக்கொள்ளக் கை பரபரத்தது. இரண்டு கையும் முயல்மேல் இருந்தன. அசையாமல் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவளாகவே என் தோளில் சாய்ந்தாள்.

இருட்டும்போது துண்டில் மிளகு மாதிரி நாலைந்து புழுக்கைகள் கிடந்தன. அவருக்குப் போன் போட்டு இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொன்னோம். புழுக்கைக்கு ஏன் இத்தனை கொண்டாட்டம் என்று அவருக்குப் புரியவேயில்லை. பிழைத்த முயல் ஒரு வாரம் என்னைக் கண்டாலே முதுகைக் காட்டி உட்கார்ந்தது. மடியில் பிடித்துவைத்த கோபமாம்.

எந்த நாளிலிருந்து அவள் என்னைச் சித்தி என்று கூப்பிட ஆரம்பித்தாள் என்று யோசித்தால் ஞாபகம் வரவில்லை. இப்போது பன்னிரண்டாவது படிக்கிறாள். முயலுக்கு வயதாகிவிட்டது. குதிப்பது குறைந்து, வெயில் விழும் இடமாகப் பார்த்து நகர்ந்து நகர்ந்து படுக்கிறது. அந்த வீட்டில் அவளும் நானும் மட்டும் இருந்திருந்தால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சங்கடப்பட்டே வருடங்கள் போயிருக்கும். இரண்டு பேரும் சேர்ந்து பார்க்க அந்தச் சின்ன உயிர் நடுவில் இருந்தது. அந்த நன்றியில்தான் காலையில் எங்களுக்கு டீ போடுமுன் அதற்குத் தழை கிள்ளிப் போடுகிறேன். வாங்கிக்கொண்டு, இன்றைக்கும் ஒரு உறுமல் உறுமிவிட்டுத்தான் தின்றது.