பேர்போன கொம்பனி

என் தம்பி வினோஜனுக்குக் கோபமே வராது. எங்கள் வீட்டுக்கு அளந்த கோபம் முழுவதும் எனக்கே வந்து சேர்ந்துவிட்டது. அமெரிக்காவில் ஆறு வருடம் கணினி வேலை பார்த்தவன், இப்போது நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் அறைப் பதிவுகளைக் கவனிக்கிறான். காலையில் அன்புவழிபுரத்தில் மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது, "வாறன் அக்கா" என்று பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைப் போலச் சொல்லுவான். அதைக் கேட்க எனக்கு அந்தரமாக இருக்கும்.

அங்கே அவன் வேலை செய்தது உலகமே அறிந்த பெரிய கொம்பனி. சீனன்குடாவுக்கு நான் வேலைக்குப் போகும் பஸ்ஸில் அந்தப் பெயரைச் சொல்லாத நாளில்லை. ஆனால் அவன் வேலை விசாவில்தான் இருந்தான். நிரந்தரமாக இருக்கக் கிறீன் கார்ட் வேண்டும். அதற்குக் கொம்பனிதான் விண்ணப்பிக்க வேண்டும். "அடுத்த வருடம் பார்ப்போம்" என்று அவனுடைய மேலாளர் சிரித்த முகத்தோடு நான்கு வருடம் கடத்தினார்.

அப்போதுதான் பன்னிரண்டு பேர் மட்டும் இருந்த சின்னக் கொம்பனி ஒன்று அவனை வேலைக்குக் கூப்பிட்டது. மூன்றாம் மாதமே கிறீன் கார்டுக்கு விண்ணப்பிப்போம் என்று எழுத்தில் கொடுத்தார்கள். தீபாவளியன்று காலை வினோஜன் போன் எடுத்து இதையெல்லாம் சொன்னான்.

"அக்கா, போகட்டோ?"

அப்பாவும் அம்மாவும் போனபிறகு எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கேட்பான். நானோ அவனுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தேன். சாதகக் குறிப்பின் அடியில் பெரிய கொம்பனியின் பெயரை என் கைப்பட எழுதிக் கொடுத்திருந்தேன். சாம்பல்தீவில் ஒரு பெண்வீட்டார் கிட்டத்தட்டச் சம்மதித்துவிட்டார்கள். இந்த நேரத்தில் பெயரே தெரியாத இடத்துக்கு மாறினால், வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்றல்லவா கதை கட்டுவார்கள்?

"உனக்கென்ன விசரா? அவ்வளவு பெரிய கொம்பனியை விட்டிட்டுப் பெட்டிக்கடைக்குப் போகப்போறியே? பொறுத்திரு, தருவினம்" என்றேன்.

"ஓம் அக்கா" என்றான். திருகோணமலையில் தன்னோடு படித்து, தன்னைப்போலவே அங்கே விசாவில் இருந்த அர்ஷாக்கை அந்த வேலைக்குச் சொல்லிவிட்டான்.

பெண்வீட்டார் ஒரு வருடம் பார்த்தார்கள். கிறீன் கார்ட் வரவில்லை என்றதும் வேறிடம் செய்துவிட்டார்கள். பிறகு பெரிய கொம்பனி ஆட்களைக் குறைத்தது. விசாச் சட்டம் கொடுத்த அறுபது நாளுக்குள் வேறு வேலை கிடைக்காமல் வினோஜன் இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினான்.

போன மாதம் அர்ஷாக் விடுமுறையில் வந்தான். கிறீன் கார்ட் கிடைத்துவிட்டதாம். வினோஜனைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னான். அவன் போனதும் நான் குசினிக்குள் அடுப்படியில் நின்று அழுதேன்.

"நான்தான் உன்ர வாழ்க்கையைக் கெடுத்தனான், தம்பி."

"சும்மா இருங்கோ அக்கா. போறேல்லை எண்டு நான் முதலே முடிவெடுத்திட்டன். உங்களைச் சும்மாதான் கேட்டனான்."

அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் நிம்மதியாக இருந்தேன். பெரிய மனச்சாட்சிதான் எனக்கு!

நேற்று ஹோட்டலிலிருந்து போன் எடுத்து, அலுமாரியில் உள்ள சான்றிதழ் ஒன்றைப் படமெடுத்து அனுப்பச் சொன்னான். அதற்கு அடியில் சின்னக் கொம்பனியின் கடிதம் இருந்தது. வேலையை ஏற்றுக்கொள்கிறேன் என்ற வரிக்குக் கீழே வினோஜனின் கையெழுத்து. திகதி, அந்தத் தீபாவளிக்கு முதல் நாள்.

முடிவெடுத்துத்தான் இருந்திருக்கிறான். அன்று காலை அவன் என்னிடம் யோசனை கேட்கவில்லை, சந்தோசத்தைச் சொல்லத்தான் எடுத்திருக்கிறான்.

படத்தை அனுப்பினேன். "கிடைச்சுது அக்கா" என்று உடனே பதில் வந்தது. கடிதத்தை இருந்த இடத்திலேயே வைத்தேன். நான் கண்டுவிட்டேன் என்று தெரிந்தால், என்னைத் தேற்ற அவன் இன்னொரு பொய் சொல்ல வேண்டிவரும்.