கடிதம் கொடுக்கும் முன் பறந்த கொடி

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில் நான் அபுதாபியில் பிரிட்டிஷ் தூதரின் டிரைவர். பழையவர் மாற்றலாகிப் போய்ப் புதியவர் வந்திருந்தார். முப்பது வருஷம் நாடு நாடாக, யாராவது ஒருவருக்குக் கீழேயே வேலை பார்த்த மனிதர். தூதராவது இதுதான் முதல் தடவை. அன்று காலை அரண்மனைக்குப் போய் நியமனக் கடிதத்தைக் கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் தூதர். அதுவரை அவர் காரில் கொடி பறக்கக் கூடாது.

டிரைவர்கள் எங்களுக்கெல்லாம் மேலே இருந்த கீழக்கரை பாய் முந்தின நாளே சொல்லியிருந்தார். "தம்பி, போறப்ப கொடி மாஃபி, கிடையவே கிடையாது. வர்றப்பத்தான். மறந்தியோ, உன் கதை கலாஸ்."

"எனக்கா சொல்றீங்க பாய்?" என்று சிரித்தேன். அந்தத் திமிருக்குத்தான் பட்டேன். காரைத் துடைத்து முடித்ததும் கொடியின் உறையைக் கழற்றி நாலு வருஷம் பழகிய கை. அன்றும் கழற்றிவிட்டது.

பாதி வழியில்தான் பார்த்தேன். பானெட் ஓரத்தில் கொடி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. முன்னால் அரண்மனைக் கார் வழிகாட்டிக்கொண்டு போகிறது. வேலை போனால் விசா போகும். போன மாதம்தான் ஸ்கூலில் சேர்த்த மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

வாயை மூடிக்கொண்டு ஓட்டினால் ஒருவேளை யாரும் கவனிக்காமல் போகலாம். அந்த ஆசை நிஜமாகவே வந்தது. ஆனால் கண்ணாடியில் பார்த்தேன். மனிதர் கடிதப் பையை மடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அங்கே சொல்ல வேண்டிய அரபி வாக்கியத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மனசு கேட்கவில்லை.

"சார், கொடி. தப்பு என்னுடையது."

எட்டிப் பார்த்தார். முகம் சிவந்தது. "நிறுத்து."

ஓரங்கட்டினேன். முன்னால் போன காரும் நின்றது. அரண்மனை அதிகாரி இறங்கி எங்களை நோக்கி நடந்து வந்தார். சார் வேகமாக இறங்கி அவருக்கு எதிரே போய், ரோட்டோரத்தில் ஒரு முழங்காலை ஊன்றிக் குனிந்தார். "மன்னிக்க வேண்டும், ஷூ லேஸ்" என்றார். அதிகாரி அங்கேயே நின்றுவிட்டார். நான் கொடியைச் சுருட்டினேன். அவசரத்தில் உறை இரண்டு தடவை நழுவியது. நான் மாட்டி முடிக்கிறவரை சார் எழுந்திருக்கவில்லை.

அப்புறம் வழியெல்லாம் அந்த அரபி வாக்கியத்தையே முணுமுணுத்துக்கொண்டு வந்தார். இன்றைக்கே என் சீட்டு கிழியும் என்று நினைத்துக்கொண்டு அரண்மனை வாசலில் காத்திருந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்துத் தூதராக வெளியே வந்தார். அதே அதிகாரி வழியனுப்பக் கூட வந்தார். நான் கதவைத் திறந்துவிட்டுத் தலைகுனிந்து நின்றேன். சாரின் முழங்காலில் இன்னும் மணல் ஒட்டியிருந்தது. கீழே அவர் ஷூவைப் பார்த்தேன். அது லேஸே இல்லாத ஷூ. அதிகாரி அதை அப்போதே பார்த்திருக்க வேண்டும். இப்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"உறையைக் கழற்று" என்றார் தூதர். "இனிமேலும் நீதான் கழற்ற வேண்டும்."